நிறத்துக்கு எண் வந்த கதை



துணிக்கடையில் சேலை எடுக்கும் நம் பெண்மணிகள் ஒரு காரியம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் எத்தனை பிரகாசமான விளக்கின்கீழ் விரித்துக் காட்டினாலும் அவர்கள் நம்புவதில்லை. மடிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். ஐந்தடி நடைபாதையில் நின்று பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்ப்பார்கள். பிறகுதான் விலை பேச்சு. நிறம் என்பது துணியில் மட்டும் இல்லை, அதன்மேல் விழும் ஒளியிலும் பார்க்கும் கண்ணிலும் இருக்கிறது என்ற உண்மையை அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டது.

அப்படித் தேர்ந்தெடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு கல்யாணத்தில் படம் எடுத்தால், கைப்பேசியில் ஒரு நிறம், கணினியில் ஒரு நிறம், ஆல்பத்தில் வேறொரு நிறம். அரக்குச் சேலை காவியாகிறது. மயில் பச்சை வெறும் பச்சையாகிறது. மாப்பிள்ளையின் முகம் இருண்டோ வெளுத்தோ போகிறது. படம் பிடித்தவரைக் குறை சொல்கிறோம். இதற்குப் பின்னால் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதை இன்று சொல்லலாம் என்றிருக்கிறேன்.

நிறத்துக்குப் பெயர் வைப்பதில் தமிழர்களுக்கு நிகர் தமிழர்களே. வாடாமல்லி, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, வெங்காயச் சருகு என்று அடுக்கலாம். ஆனால் நான் நினைக்கும் வாடாமல்லியும் நீங்கள் நினைக்கும் வாடாமல்லியும் ஒன்றுதானா? பெயரைத் தந்தியில் அனுப்பிச் சாயம் போடச் சொன்னால் அதே நிறம் வருமா? வராது. வியாபாரத்துக்கு எண் வேண்டும்.

எண் கொடுத்தவர்களில் ஒருவரை நம் தோட்டத்து மக்கள் அறியாமலே அறிவார்கள். அவர் பெயர் ஜோசப் லவிபாண்ட். இங்கிலாந்தில் சாலிஸ்பரி என்னும் ஊரில் பீர் காய்ச்சியவர். பீரின் தரத்தை அதன் நிறத்தைக் கொண்டு சொல்ல முடியும் என்று கண்டார். சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்று நிறங்களில் மெல்லியது முதல் அழுத்தமானது வரை கண்ணாடித் துண்டுகள் செய்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டார். பீரை ஒரு பக்கமும் கண்ணாடிகளை மறு பக்கமும் வைத்து, இரண்டும் ஒன்றாகத் தெரியும்வரை கண்ணாடிகளை மாற்றினால் போதும். கண்ணாடியின் எண்ணே பீரின் எண். இதற்காக அவர் 1885இல் ஒரு கம்பெனியே தொடங்கினார்.

பீருக்குப் பிறந்த அந்த அளவுகோல் நம் செம்பனை எண்ணெய்க்கு வந்து சேர்ந்தது. ஆலையிலிருந்து வரும் எண்ணெய் செக்கச் சிவந்திருக்கும். அதைச் சுத்திகரித்து, நிறம் நீக்கிச் சமையலுக்கு விற்கும்போது, லவிபாண்ட் அளவில் சிவப்பு 3ஐத் தாண்டக் கூடாது என்பது வணிக விதி. ரப்பருக்கும் அப்படியே. 1965இல் மலேசியத் தர ரப்பர்த் திட்டம் வந்தது; அத்திட்டத்தில் 'எல்' என்ற வெளிர் வகை ரப்பருக்கு லவிபாண்ட் 6 என்று வரம்பு கட்டினார்கள். அதற்கு முன்பு ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணால் பார்த்துத் தரம் பிரித்தார்கள். காலையில் பார்த்தவருக்கு முதல் தரம், மாலையில் பார்த்தவருக்கு மூன்றாம் தரம் என்ற தகராறு எத்தனையோ ஸ்டோர்களில் நடந்திருக்கும்.

ஆனால் கண்ணாடித் துண்டோடு ஒப்பிடுவதற்குக் கண்ணாடித் துண்டு வேண்டுமே. அது இல்லாமல், எந்த நிறத்தையும் எண்ணால் மட்டுமே சொல்ல முடியுமா? அந்த வழியைத் திறந்தவர் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். நம் கண்ணுக்குள் மூன்று வகை உணர்விகளே இருக்கின்றன, ஆகவே மூன்று ஒளிகளைக் கலந்தே எல்லா நிறங்களையும் காட்டிவிடலாம் என்று தாமஸ் யங் என்பவர் 1800களின் தொடக்கத்திலேயே ஊகித்திருந்தார். மாக்ஸ்வெல் அதைச் செய்து காட்டினார். 1861இல் லண்டனில், கட்டம் போட்ட ஒரு பட்டு நாடாவைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வடிகட்டிகள் வழியே மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுக்கச் செய்தார். மூன்று விளக்குகளால், அதே மூன்று நிறங்களில், ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டினார். நாடா வண்ணத்தில் தெரிந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் காலத்துப் படத் தகட்டுக்குச் சிவப்பு ஒளி உறைக்காது. அப்படியானால் சிவப்புப் படம் எப்படி விழுந்தது? நூறு ஆண்டு கழித்து, 1961இல், கோடாக் ஆய்வாளர் ஒருவர் சோதித்துப் பார்த்தார். நாடாவின் சிவப்புச் சாயம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறது. வடிகட்டியும் அதை உள்ளே விட்டிருக்கிறது. தகட்டில் பதிந்தது சிவப்பே அல்ல! விடை சரி, வழிதான் வேறு. நம் மாணவர்கள் கணக்குப் பாடத்தில் இதைச் செய்தால் நான் பாதி மதிப்பெண்ணே கொடுப்பேன். மாக்ஸ்வெல்லுக்கு உலகம் முழு மதிப்பெண் கொடுத்தது. கொடுத்ததும் நியாயம்தான்.

பள்ளியில் மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை என்று சொல்லிக்கொடுக்கிறோம். அது சாயத்தின் கணக்கு. ஒளியின் கணக்கு வேறு. சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தால் மஞ்சள் தெரியும். பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். கைப்பேசித் திரையில் ஒரு சிறு துளி நீரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். துளி பூதக்கண்ணாடியாகும். வெள்ளைத் திரைக்குள்ளே சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் மட்டுமே தெரியும்.

மாக்ஸ்வெல்லின் இதே வழியைப் பின்பற்றி, ரஷ்யப் பேரரசு முழுவதையும் வண்ணத்தில் எடுக்கக் கிளம்பினார் செர்கேய் புரோகூதின்-கோர்ஸ்கி என்பவர். 1909 முதல் 1915 வரை பயணம் செய்தார். சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலஸ் ஆதரவு தந்தார். அரண்மனை, கோயில், ஆறு, பாலம் எல்லாம் எடுத்தார். அவற்றோடு, கருங்கடல் ஓரத்தில் ஜார்ஜியாவின் சாக்வா என்னும் இடத்திலிருந்த தேயிலைத் தோட்டத்தையும் எடுத்தார். சரிவில் கொழுந்து பறித்து நிற்கும் கிரேக்கப் பெண்கள், தேயிலை நிறுக்கும் இடம், சீனாவிலிருந்து வந்த தேயிலை நிபுணர் என அங்கே எடுத்த படங்கள் பல. தலையில் கட்டிய துணியின் நிறம், பாவாடையின் நிறம், கொழுந்தின் பச்சை எல்லாம் அப்படியே இருக்கின்றன. 1944இல் அவர் பாரிஸில் காலமான பின், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1948இல் சுமார் 1,900 கண்ணாடித் தகடுகளை அவர் குடும்பத்தாரிடம் வாங்கியது. பிற்காலத்தில் கணினியில் மூன்று மூன்று படங்களாகப் பொருத்தி, வண்ணப் படங்களாக்கி, உலகமே பார்க்கும்படி வைத்திருக்கிறது. அந்தப் பெண்களை நேற்று எடுத்ததுபோல் காணலாம்.

அதே ஆண்டுகளில்தான் நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி மலாயாவுக்கு வந்து பால் மரம் நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கட்டிய சேலைக்கும் வேட்டிக்கும் தலைப்பாகைக்கும் நிறம் இருந்தது. நமக்குக் கிடைக்கும் படங்களில் அவை சாம்பல் நிறத்தில்தான் இருக்கின்றன.

இனி எண்ணின் கதைக்கு வருவோம். 1920களின் இறுதியில் இங்கிலாந்தில் இருவர் தனித்தனியே ஒரே வேலையைச் செய்தார்கள். இம்பீரியல் கல்லூரியில் டேவிட் ரைட் 10 பேரை உட்கார வைத்தார். டெடிங்டன் தேசிய இயற்பியல் ஆய்வுக் கூடத்தில் ஜான் கில்ட் 7 பேரை உட்கார வைத்தார். ஒரு சிறு துளை வழியே பார்க்க வேண்டும். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பிடித்தால் நகம் எவ்வளவு இடத்தை அடைக்குமோ ஏறக்குறைய அவ்வளவு வட்டம். வட்டத்தின் ஒரு பாதியில் ஆய்வுக்குரிய நிறம். மறு பாதியில் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைத் திருகித் திருகிக் கலந்து, இரு பாதியும் ஒன்றாகத் தெரியச் செய்ய வேண்டும். திருகிய அளவைக் குறித்துக்கொண்டார்கள். வானவில்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இப்படியே.

இருவரும் வேறு வேறு கருவிகளைப் பயன்படுத்தியிருந்தார்கள். ஒப்பிட்டபோது கணக்கு நன்றாகவே ஒத்துப்போயிற்று. ஒளியைப் பற்றிய பன்னாட்டு ஆணையமான சி.ஐ.இ. 1931இல் கேம்பிரிட்ஜில் கூடியபோது இந்த 17 பேரின் கண்களையும் சராசரியாக்கி, 'நியமப் பார்வையாளர்' என்று ஒருவரை உருவாக்கியது. எந்த ஒளியில் பார்ப்பது என்பதையும் அப்போதே வரையறுத்தார்கள். நடைபாதைக்குப் போய்ப் பார்க்கும் அதே நியாயம்தான். மனிதக் கண் காணும் நிறங்கள் அனைத்தையும் குதிரை லாடம் போன்ற ஒரு படத்துக்குள் அடக்கினார்கள். லாடத்தின் விளிம்பில் வானவில்லின் தூய நிறங்கள், நடுவில் வெள்ளை. எந்த நிறத்துக்கும் அதில் ஓர் இடம், இடத்துக்கு எண். இன்றைக்கும் நம் கைப்பேசித் திரை, தொலைக்காட்சி, அச்சு இயந்திரம் எல்லாவற்றின் நிறக் கணக்கும் அந்த 17 பேரின் கண்களில்தான் போய் நிற்கிறது. பின்னாளில் திருத்தங்கள் வந்தன. 1976இல், கண்ணுக்கு ஒரே அளவு வேறுபாடாகத் தெரிவது கணக்கிலும் ஏறத்தாழ ஒரே அளவாக வரும்படி 'லேப்' என்ற முறையை அமைத்தார்கள். அடித்தளம் மட்டும் மாறவில்லை.

எண் கிடைத்துவிட்டது. ஆனால் எண்ணை வைத்துக்கொண்டு எந்த முகத்தைச் சரியாகக் காட்டுவது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்தார்கள்.

வண்ணப் படச்சுருள் பரவிய காலத்தில், கோடாக் நிறுவனம் படம் கழுவும் நிலையங்களுக்கு ஓர் அட்டை அனுப்பிவந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் அதில் இருக்கும். முதலில் நின்ற பெண்ணின் பெயரால் 'ஷெர்லி அட்டை' என்று வழங்கியது. அந்தப் பெண்ணின் முகம் அச்சில் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். கறுத்த முகம் சரியாக வருகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. அதனால் வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் ஒரே படத்தில் நின்றால், ஒரு முகத்தில் கண், மூக்கு, சிரிப்பு எல்லாம் தெரியும். மற்ற முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். நிறுவனம் சுருளைத் திருத்தத் தொடங்கியதற்கு ஒரு காரணம், மரச்சாமான் விற்றவர்களும் சாக்லேட் விற்றவர்களும் செய்த புகார் என்று அங்கே வேலை செய்தவர்களே பின்னர் ஆய்வாளர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். கறுத்த மரமும் கறுத்த சாக்லேட்டும் படத்தில் வேறுபாடின்றி ஒன்றாகத் தெரிகின்றனவாம்! மனிதர்கள் அதற்கு முன்பே அதே படத்தில் இருந்தார்கள். பல இனத்தவரும் நிற்கும் அட்டை வந்தது 1990களில்தான்.

நம் தோட்டத்துப் பழைய வண்ணப் படங்களை எடுத்துப் பாருங்கள். திருவிழாவில் காவடி தெளிவாக இருக்கும், மாலை தெளிவாக இருக்கும், தூக்கியவர் முகம் மட்டும் நிழலாக இருக்கும். 'அப்பா கறுப்பு, படம் அப்படித்தான் வரும்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அப்பா கறுப்புதான். அந்தப் படம் அப்படி வந்ததற்கு அவர் மட்டும் காரணமில்லை. இதற்கு நேர்மாறாக, ஒரு கடையில் என் மாணவியின் படத்தைக் கேட்காமலே வெளுக்க வைத்துக் கொடுத்தார்கள். தாயார் அடையாளம் தெரியாமல் உறையைத் திருப்பிப் பெயரைப் பார்த்தார். இருட்டடிப்பதும் வெளுக்க வைப்பதும் ஒரே பிழையின் இரண்டு முனைகள்.

எல்லோரும் அப்படியே இருந்துவிடவில்லை. 1976இல் வெளிவந்த ஒரு நிறச் சோதனை அட்டையில் 24 கட்டங்கள் உண்டு. படக்காரர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதன் முதற்கட்டத்துக்குப் பெயர் 'கருமையான தோல்'. வெளிறிய தோல் இரண்டாவது கட்டம்.

வண்ணத் தொலைக்காட்சி சிங்கப்பூருக்கு 1974இலும் நம் நாட்டுக்கு 1978இலும் வந்தது. பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். ஒரே நிகழ்ச்சி நான்கு வீட்டில் நான்கு நிறத்தில் தெரியும். குமிழைத் திருகி முகத்தைப் பச்சையாக்கி வைத்திருப்பார்கள். கணினி வந்தபோது அதே குழப்பம் இன்னும் பெரிதாக வந்தது.

கணினி ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்களை வைத்துக்கொள்கிறது: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மொத்தம் 1,67,77,216 கலவைகள். போதாதா என்று தோன்றும். குறை எண்ணிக்கையில் இல்லை, பொருளில் இருக்கிறது. 'சிவப்பு 200' என்றால் எந்தச் சிவப்பில் 200?

கையில் 50 இருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார். மலேசிய வெள்ளியா, சிங்கப்பூர் வெள்ளியா? எண் ஒன்று, மதிப்பு வேறு. ஜொகூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நிறத்தின் எண்ணும் அப்படியே. அது எந்த நாட்டு நாணயம் என்று சொல்வதுதான் 'நிறவெளி'. லாடப் படத்துக்குள் ஒரு முக்கோணம் வரைந்து, அதன் மூன்று முனைகளில் இருப்பவையே நம் சிவப்பு, பச்சை, நீலம் என்று குறிப்பார்கள். முக்கோணத்துக்குள் இருக்கும் நிறங்களை மட்டுமே காட்ட முடியும். பெரிய முக்கோணமும் உண்டு, சிறியதும் உண்டு.

1993இல் அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் கூடி ஐ.சி.சி. என்ற அமைப்பை நிறுவின. ஒவ்வொரு கருவிக்கும் படத்துக்கும் ஒரு சிறு நிறக் குறிப்பைச் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. குறிப்பைப் படிக்கும் கணினி, அந்த எண்களை முதலில் 1931ஆம் ஆண்டுக் கணக்குக்கோ அதிலிருந்து பிறந்த 'லேப்' கணக்குக்கோ மாற்றும். அங்கிருந்து திரைக்கோ அச்சுக்கோ உரிய எண்களுக்கு மாற்றும். நாணயம் மாற்றும் கடைக்காரர் செய்யும் வேலைதான்.

1996இல் எச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 'எஸ்.ஆர்.ஜி.பி.' என்ற நிறவெளியை முன்வைத்தன. அந்தக் காலச் சாதாரணத் திரைகள் காட்டக்கூடிய அளவுக்கே அது வரையப்பட்டது. அதனால் சிறியது. மயில் நிறம் போன்ற அழுத்தமான பச்சை நீலங்கள் அதற்கு வெளியே நின்றுவிடும். ஆனால் எல்லாத் திரையும் புரிந்துகொள்ளும்.

அடுத்தது 'அடோபி ஆர்.ஜி.பி.'. இது தவறிப் பிறந்த பிள்ளை. 1998இல் ஃபோட்டோஷாப்பின் 5ஆம் பதிப்பைத் தயாரித்தவர்கள், ஒரு தொலைக்காட்சித் தர ஆவணத்திலிருந்து எண்களை எடுத்துச் சேர்த்தார்கள். அந்த எண்கள் தரத்துக்குரியவை அல்ல, பின்னிணைப்பில் இருந்தவை. அதைப் பெயர்த்து எழுதும்போது சிவப்பின் எண்ணும் பிழையாகிவிட்டது. தவறு தெரிந்து திருத்தப் போனால், படக்காரர்கள் 'இதுவே நன்றாக இருக்கிறது, அச்சுக்கு வேண்டிய பச்சைகளும் பச்சை நீலங்களும் இதில் கிடைக்கின்றன' என்றார்கள். பெயரை மட்டும் மாற்றி அப்படியே வைத்துக்கொண்டார்கள். இன்று நல்ல காமெராக்களில் அது ஒரு தேர்வாகவே இருக்கிறது.

கல்யாணப் படம் மங்குவதன் காரணம் இப்போது புரியும். படக்காரர் அடோபி ஆர்.ஜி.பி.யில் எடுத்து அனுப்புகிறார். வாங்கும் இடம் குறிப்பைப் படிக்காமல் எஸ்.ஆர்.ஜி.பி. என்று எண்ணிக்கொள்கிறது. சிங்கப்பூர் வெள்ளி 50ஐ மலேசிய வெள்ளி 50ஆகக் கணக்கு வைத்ததுபோல் ஆகிறது. நிறம் சோகையாகிவிடும். மாறி நடந்தால் குங்குமம் கண்ணைப் பறிக்கும், தோல் செக்கச் சிவக்கும். ஃபோட்டோஷாப்பில் இதற்கு இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. ஒன்று மதிப்பை அப்படியே வைத்து எண்ணை மாற்றுவது. மற்றொன்று எண்ணை அப்படியே வைத்து நாணயத்தின் பெயரை மட்டும் அடித்து எழுதுவது. வேறொருவருக்கு அனுப்பும் படத்துக்கு முதலாவதையே செய்ய வேண்டும். அச்சுக் கடை வேறெதுவும் கேட்காவிட்டால் எஸ்.ஆர்.ஜி.பி.க்கு மாற்றி, குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

அச்சு மையின் எல்லை இன்னொரு விதமானது. திரையில் தகதகக்கும் கிளிப்பச்சை, மையில் அகப்படாது. கடைக்காரரிடம் அந்தச் சில்லறை இல்லை, அருகில் இருப்பதைக் கொடுக்கிறார். மயில் கழுத்துப் பட்டோ எந்த எண்ணுக்கும் அகப்படாது. பாவும் ஊடும் இரண்டு நிறம், திரும்பினால் நிறம் மாறும். படம் ஒரு கோணத்தில்தானே நிற்கிறது.

இதையெல்லாம் நான் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் கல்யாண ஆல்பம் மட்டும் அல்ல. எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகவும் திடல்களாகவும் மாறிவிட்டன. லயம் இருந்த இடம் தெரியாது, கோயில் இருந்த இடம் தெரியாது. மிஞ்சியிருப்பவை தகரப் பெட்டியில் கிடக்கும் படங்கள். 1970களில் கழுவிய வண்ணப் படங்கள் பல செம்மை ஏறிக் கிடக்கின்றன. பச்சை நீலச் சாயம் இருட்டில் இருந்தாலும் மெல்ல அழிந்துபோகும், மற்றச் சாயங்கள் நிற்கும்; அதனால் வரும் சிவப்பு அது. அழியத் தொடங்கியது நிற்கப்போவதில்லை.

பிள்ளைகளிடம் வருடிக் கருவி இருந்தால், அந்தப் படங்களை இந்த விடுமுறையிலேயே கணினியில் ஏற்றச் சொல்லுங்கள். கருவி தானாகச் செய்யும் 'அழகுபடுத்தல்' எல்லாவற்றையும் நிறுத்திவிடட்டும். நிறக் குறிப்பு கோப்பில் சேர்ந்திருக்கட்டும். வந்தது வந்தபடி ஒரு பிரதியைத் தொடாமல் வைத்துவிட்டு, இன்னொரு பிரதியில் மட்டும் திருத்த வேண்டும். திருத்தும்போது முகத்தைப் பார்த்துத் திருத்துவதைவிட, வெள்ளை வேட்டியையோ சுண்ணாம்புச் சுவரையோ பார்த்துத் திருத்துவது நல்லது. அது வெள்ளையானால் முகமும் தன் நிறத்தை ஓரளவு நெருங்கி வரும். திரையில் இரவு நேர மஞ்சள் வெளிச்சம் போட்டிருந்தால் முதலில் அதை அணைத்துவிடுங்கள்.

பிறகு படத்தின் பின்புறத்தில், மென்மையான பென்சிலால், தோட்டத்தின் பெயரையும் நிற்பவர்களின் பெயர்களையும் வரிசைப்படி எழுதுங்கள். அதைப் பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும்.